நாற்பது ரூபாய் பேட்டரிக்கு 1,150 ரூபாய் அழுதேன்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். ரசீதில் தேதி 01-01-2010 என்று அச்சாகியிருப்பதை முதலில் கவனித்தவர் சரக்குக் கொண்டுவந்த விவசாயிதான். "அப்படியானால் அன்றிலிருந்து வட்டி போட்டுக் கொடுங்கள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே வங்கியின் இணையதளமும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று சொல்லித் திறக்க மறுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னால் போனதால்தான் இரண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறக்கும் முன்பே "மதர்போர்டு போய்விட்டது, 6,500 ஆகும்" என்றார் கடைக்காரர். நான் தயங்கியதும், "சரி, சர்வீஸ் செய்து பார்க்கிறேன்" என்று உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் கடிகாரம் சரியாகி வந்தது. கூலி 750. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "போர்டில் வேலை" என்பதோடு சரி. ரசீது கேட்டேன், விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையை எழுதிக் கொடுத்தார்.

மூன்றே வாரம், மறுபடியும் 2010. திரும்பப் போனால், "சாதாரண பேட்டரி அப்படித்தான். சார்ஜ் ஏறும் பேட்டரி போட்டால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று இன்னொரு 400 வாங்கிக்கொண்டார். விஷயம், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரிதான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கழற்றிய பேட்டரியைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்த விவகாரத்தில் நான் புத்தியோடு செய்த ஒரே காரியம் அது.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான். மூடியைக் கழற்றிப் பார்த்தவன், "மாமா, சிஆர் 2032 இருக்க வேண்டிய இடத்தில் எல்ஐஆர் 2032 இருக்கிறதே" என்றான். 2032 என்பது வெறும் அளவுதான்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் என்பது 3 வோல்ட் லித்தியம், ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜ் ஏறும் எல்ஐஆரில் 40 அளவுக்குத்தான் இருக்கும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். அதைவிடக் கொடுமை, மதர்போர்டு இந்தப் பேட்டரிக்குச் சார்ஜே கொடுப்பதில்லை. பிறகு எங்கிருந்து ஆயுளுக்கும் வரும்?

கடைக்காரர் முதலில் போட்ட, நான் கேட்டு வாங்கி வந்த பேட்டரியை மீட்டரில் வைத்தான். 2.4 காட்டியது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். இந்தப் பேட்டரியின் முதுகில் பல முறை கழற்றி மாட்டிய கீறல்கள். எவருடைய பழைய கம்ப்யூட்டரில் கிடந்ததோ!

என் பங்கும் கொஞ்சம் உண்டு. சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டரை அணைத்தாலும் கடிகாரம் மின்சாரத்தில்தான் ஓடும், பேட்டரிக்கு ஓய்வு. நாங்களோ தினமும் இரவில் மெயினையே இறக்கிவிடுவோம். சீசன் முடிந்தால் மாதக்கணக்கில் பிளக்கே கழன்று கிடக்கும். ஆனாலும் இந்தப் பழக்கத்தை மாற்றப்போவதில்லை. இடி மின்னலுக்குப் பெட்டியைப் பலி கொடுப்பதைவிட, சில வருடங்களுக்கு ஒருமுறை நாற்பது ரூபாய் செலவழிப்பது மேல்.

தேதி குழம்பினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உறை பிரிக்காத, தேதி அச்சிட்ட சிஆர் 2032 ஆகக் கேளுங்கள். 2025 என்று நீட்டினால் வாங்காதீர்கள்; அது 2.5 மில்லிமீட்டர்தான், சரியாகப் பற்றாது. மாற்றும் முன் பயாஸ் திரையை (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) கைபேசியில் படம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி போடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

மருமகன் புதியதை மாட்டி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. தவறான தேதியில் போன ரசீதுகளைத் திருத்த எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அந்த விசிட்டிங் கார்டு இன்னும் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. 750 என்று எழுதியிருக்கிறது, தேதி போடவில்லை.