ஊர்ப் பாசத்தில் குடித்த நாலு கிளாஸ்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கமிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு போனது போனதுதான்.

அங்கே வேலை பார்க்கும் மச்சான், சந்துக்குள் நாலு மேசை போட்ட சின்ன கிராஃப்ட் பீர் கடைக்குக் கூட்டிப் போனான். கிராஃப்ட் பீர் என்றால் சின்ன ஆலைகளில் கொஞ்சமாய்க் காய்ச்சுவது. சுவரில் பத்துக் குழாய், மேலே கரும்பலகையில் விலை. எங்கள் பேச்சைக் கேட்டதும் கவுன்டரில் இருந்தவர், “அண்ணே, ராம்நாடு பக்கமா?” என்றார். அவருடைய தாத்தா தொண்டியாம். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. “ருசி பாருங்கண்ணே” என்று ஒரு மரப்பலகையில் நாலு சின்னக் கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். வெளிர் மஞ்சளாய் ஒன்று, வாழைப்பழ வாசத்தில் கோதுமை பீர் ஒன்று, வேப்பங்கொழுந்துக் கசப்பில் ஐபிஏ என்று ஒரு பீர், டிகாஷன் மாதிரி கறுப்பாய் ஸ்டௌட் என்று இன்னொன்று.

எங்கள் ஊர்ப் பதநீர்க்காரர் பட்டையை நிரப்புமுன் ருசிக்கு ரெண்டு மடக்கு ஊற்றுவார், காசு கேட்க மாட்டார். நான் அந்த நினைப்பில் இருந்தேன். இந்த மாதிரிக் கடைகளிலும் கேட்டால் ஒரு வாய் சும்மா கொடுப்பதுண்டு. ஆனால் பலகையில் வரிசையாய் வந்தால் அதற்குப் பெயர் ‘ஃப்ளைட்’, அது தனி ஐட்டம். 26 டாலர்.

அப்புறம் ஆளுக்கொரு பைன்ட், அதாவது பெரிய கிளாஸ், 17 டாலர் வீதம். என் கணக்கு 34. வந்த பில் 71.94. விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைமேல் ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று அர்த்தமாம்.

ஃப்ளைட்டைப் பற்றிக் கேட்டேன். “மெனுவில் இருக்கே சார்” என்றார். அதற்குள் அண்ணே சாராகிவிட்டது.

கார்டு மெஷின் டாலரா ரூபாயா என்று கேட்கும். என்னிடம் காட்டாமலே ரூபாயை அழுத்திவிட்டார். ரூபாயில் போட்டால் மாற்று விகிதம் அந்த மெஷின்காரர்கள் வைப்பதுதான், அவர்கள் லாபமும் அதற்குள்ளேயே இருக்கும். எனக்கு 300 ரூபாய்க்கு மேல் கூடுதல். பிறகு என் வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடித்தது. மெஷினைக் கையில் வாங்கி டாலரை நீங்களே அழுத்துங்கள். மாறிப் போனால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். இதை மச்சான் ரயில் ஏறிய பிறகு சொன்னான்.

பீர் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோதுமை பீர் இன்னும் நாக்கில் நிற்கிறது.