ரையின் கரமா, காட்டுப்புல்லா? வறட்சி தாங்கும் கோதுமைக்கு நான் எடுத்த பக்கம்

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அப்பா தம் கடையில் ரொட்டி சானாய்க்குப் (வீசிச் சுடும் பரோட்டா) பிசையும் மாவெல்லாம் கப்பலில் வந்த கோதுமை. நம் நாட்டில் அது பயிராவதில்லை. அதனால் வறட்சியும் வெயிலும் தாங்கும் கோதுமைதான் என் முதுகலை ஆய்வு என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். கதிர் முற்றும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் விளைச்சல் குறைவதோடு, மாவின் இழுவையும் தளர்ந்துவிடும். அது கடைசியில் அப்பாவின் கல்லுக்குத்தான் வந்து சேரும்.

வறட்சி தாங்க சூரியகாந்தியின் மரபணுவைச் சேர்த்த எச்.பி.4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. மரபணுவைச் செலுத்தும் வசதி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லாததால் அதை முதலிலேயே ஒதுக்கினேன். மிஞ்சிய வழிகள் இரண்டு.

ஒன்று, ரை தானியத்தின் கரம். மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம்; அதன் இரு பக்கங்களைக் கரம் என்பார்கள். கோதுமையின் 1பி குரோமோசோமில் குட்டையான கரம் போய், அந்த இடத்தில் ரையின் கரம் உட்கார்ந்திருக்கும். வேர் அடர்த்தியாகித் தண்ணீரை நன்றாகத் தேடும், துருநோய்க்கும் முன்பு நல்ல தடுப்பு கிடைத்தது. இந்தியாவில் 1995-இல் வந்த பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமை ரகத்திலும் இந்தக் கரம் உண்டு. நான் குழாய்களில் வளர்த்த நாற்றுகளிலும் வேரில் முந்தியது இதுதான். அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது, ஈஜிலாப்ஸ் டவுஷி என்ற காட்டுப்புல். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ சற்றுப் பின்போ, காஸ்பியன் கடல் பக்கம், இந்தப் புல்லும் பழைய கோதுமை ஒன்றும் தற்செயலாகக் கலந்துதான் இன்றைய ரொட்டிக் கோதுமை பிறந்தது. அபூர்வமாக நடந்த கலப்பு என்பதால் வறட்சி தாங்கும் குணங்கள் உட்பட, புல்லின் மரபுச் செல்வத்தில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிட்டது. மெக்சிகோவில் இருக்கும் சிமிட் என்ற சர்வதேசக் கோதுமை, மக்காச்சோள ஆய்வு நிறுவனம், பாஸ்தாவுக்கு ஆகும் டூரம் கோதுமையோடு அதை மறுபடி கலந்து செயற்கைக் கோதுமைகளை உருவாக்கியது. அந்த வழியில் வந்த சுவான்மாய் 42 என்ற ரகம் சீனாவில் விவசாயிகள் கைக்கே போய்விட்டது.

வேரில் ரை முந்தியும் நான் புல்லை எடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கூடவே வரும் கெட்டதைக் கழற்ற முடியுமா?

ரைக் கரம் வரும்போது செகலின் என்ற புரதத்தையும் கொண்டுவருகிறது. கோதுமையின் சொந்தப் பசைப் புரதங்களில் சில காணாமல் போகின்றன. பிசைந்தால் மாவு கையில் ஒட்டும். ரொட்டி வீசுகிறவரிடம் அந்த மாவைக் கொடுத்துப் பாருங்கள், என்ன பேச்சு வரும் என்று! சரி, செகலினை மட்டும் விலக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். கோதுமையில் பி.எச்.1 என்ற மரபணு, அச்சாகப் பொருந்தும் குரோமோசோம் ஜோடிகளை மட்டுமே இணைய விடும். ரைக் கரத்துக்கு அங்கே ஜோடி இல்லை. துண்டு மாற்றிக்கொள்ளாமல், வந்தால் முழுசாக வரும், போனால் முழுசாகப் போகும். பி.எச்.1-ஐ முடக்கிச் செகலின் பகுதியை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செடிகளைச் சலித்துப் பார்க்கும் வேலை அது. இரண்டு வருடப் படிப்புக்குக் கட்டாது.

புல்லின் குரோமோசோம்கள் அப்படியில்லை. கோதுமையின் மூன்று குரோமோசோம் தொகுதிகளில் ஒன்றான டி தொகுதியே அதன் வாரிசு என்பதால் தாராளமாக ஜோடி சேரும். நல்ல கோதுமையோடு திரும்பத் திரும்பக் கலந்தால் வேண்டாததைக் கழிக்கலாம். மாவுக்கு இழுவை தரும் முக்கியமான புரதங்கள் சிலவற்றின் மரபணுக்களும் இந்த டி தொகுதியில்தான். புல்லிலிருந்து வருகிற வடிவம் சில சமயம் மட்டமாக இருக்கும். இருந்தாலும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் பார்த்ததெல்லாம் மூன்று வார நாற்றுகள். வயலில் யார் ஜெயிப்பார் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

போன வாரம் செயற்கைக் கோதுமையின் கதிர் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா உமியை நகத்தால் பிரிக்கப் பார்த்து முடியாமல், "இதையாம்மா அரைக்கப் போற?" என்றார். காட்டுப்புல்லின் உமி அப்படித்தான், மணியை விடாது. கழிக்க வேண்டிய பட்டியலில் அதுவும் இருக்கிறது.