யூமிக்-1, இஎம்எம்-6, இசிஎம்8000: அளவீட்டு மைக்கில் எதை வாங்கலாம்?

ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட, அவை தங்கள் அறையில் எப்படி ஒலிக்கின்றன என்று அளந்து பார்ப்பதில்லை. அளப்பதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஜான் மல்கேஹி உருவாக்கிய ரூம் ஈக்யூ விசார்ட், சுருக்கமாக ஆர்இடபிள்யூ, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு போட்டு வாங்க வேண்டியது மைக் ஒன்றுதான். குறைந்த விலையில் அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று: மினிடிஎஸ்பியின் யூமிக்-1, டேட்டன் ஆடியோவின் இஎம்எம்-6, பெரிங்கரின் இசிஎம்8000.

மூன்றுமே எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் சிறிய எலெக்ட்ரெட் (நிலையான மின்னூட்டம் கொண்ட) மைக்குகள். பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பென்சில் போல மெலிந்த முனையோடு இருக்கும். ஆனால் பயன்படுத்தும் விதத்தில் நிறைய வித்தியாசம். நீங்கள் அளக்கப் போவது அறையையா, நீங்களே கட்டும் ஸ்பீக்கரையா என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

அறைதான் என்றால் யூமிக்-1 போதும், தயங்கவே வேண்டாம். யூஎஸ்பியில் செருகினால் வேலை ஆரம்பம். மைக்கின் மேல் ஒரு வரிசை எண் இருக்கும். அதை மினிடிஎஸ்பி தளத்தில் கொடுத்தால் அந்த ஒரு மைக்குக்காகவே அளந்து தயாரித்த கேலிபரேஷன் ஃபைல் இறங்கும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். முதல் வரியில் அந்த மைக்கின் உணர்திறன், அதன் கீழே ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அது எத்தனை டெசிபல் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்ற பட்டியல். முதல் வரியை ஆர்இடபிள்யூ படித்துக்கொள்வதால், திரையில் வரும் ஒலி அளவும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஃபைல்கள் இரண்டு வரும். ஒன்று மைக்கை ஸ்பீக்கரை நோக்கிப் பிடிப்பதற்கு, மற்றது கூரையை நோக்கி 90 டிகிரியில் நிறுத்துவதற்கு. 50 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர்; மைக் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். 20,000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 17 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மைக்கின் முனையே கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் என்பதால், அங்கே திசை மாறினால் அளவும் மாறும். சுற்றிலும் ஸ்பீக்கர் உள்ள ஹோம் தியேட்டரில் 90 டிகிரி ஃபைல் ரொம்ப உதவும்.

இஎம்எம்-6 எக்ஸ்எல்ஆர் மைக், அதாவது ஸ்டூடியோ மைக்குகளின் மூன்று முள் இணைப்பு கொண்டது. ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, இல்லாமல் அதனால் பயனில்லை. இதற்கும் வரிசை எண்ணை வைத்துத் தனி ஃபைல் கிடைக்கும், நேர்த்திசைக்கு மட்டும். இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைத் திருகினால் அளவு மாறிவிடும் என்பதால், உண்மையான டெசிபல் தெரிய வேண்டுமானால் 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் கேலிபரேட்டர் ஒன்று தனியாக வேண்டும். அதிர்வெண் வளைவின் வடிவம் மட்டும் போதும் என்றால் அது தேவையில்லை.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஸ்பீக்கர் கட்டுபவர்களுக்கு நான் இஎம்எம்-6ஐத்தான் சொல்வேன். காரணம் நேரக் கணக்கு. தாழ் ஒலி தரும் வூஃபரும் உயர் ஒலி தரும் ட்வீட்டரும் 3,000 ஹெர்ட்ஸில் கைமாறுகின்றன என்று வையுங்கள். அங்கே அலையின் நீளம் 11.4 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் தூரம் தப்பாகப் பதிவானாலே ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை, 30 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். நேரத்தில் பார்த்தால் அது 29 மைக்ரோ வினாடிதான். யூஎஸ்பி மைக்குக்கு ஒரு கடிகாரம், ஒலியை அனுப்பும் கருவிக்கு இன்னொரு கடிகாரம் என்று இருக்கும்போது இந்த நுணுக்கத்தைப் பிடித்து வைப்பது கஷ்டம். இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸில் ஒன்றில் மைக்கைச் செருகி, மற்றதில் வெளியீட்டிலிருந்தே ஒரு கேபிளைத் திருப்பி விட்டால், ஒவ்வொரு அளவீடும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படும். இதைத்தான் லூப்பேக் என்கிறார்கள். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரை வடிவமைக்க இதுதான் நிம்மதியான வழி.

யூமிக்-1க்கும் ஒரு மாற்று வழி உண்டு. ஏதாவது ஒரு ஸ்பீக்கரிலிருந்து முதலில் ஒரு குறுகிய கீச்சொலியை அனுப்பி, அதை வைத்து ஆர்இடபிள்யூ நேரத்தைக் கணக்கிடும். சப்வூஃபரின் தாமதத்தைச் சரிசெய்ய அது தாராளமாகப் போதும்.

அப்புறம் இசிஎம்8000. மலிவு, பழைய பெயர், ஃபேன்டம் பவர் தேவை. ஆனால் தனித்தனி மைக்குக்கான ஃபைல் இதற்கு வருவதில்லை. இணையத்தில் சுற்றும் பொது ஃபைல் யாரோ ஒருவருடைய மைக்கை அளந்தது. உங்கள் மைக் மேல் அதிர்வெண்களில் அதிலிருந்து சில டெசிபல் விலகலாம். ஆய்வகத்தில் கொடுத்து அளந்து வாங்கினால், மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். பாஸ் (தாழ் ஒலி) மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். 4 மீட்டர் நீள அறையில் சுவர்களுக்கிடையே ஒலி எதிரொலித்து 43 ஹெர்ட்ஸ் பக்கம் எழும் மேடு 10 டெசிபலைத் தாண்டுவது சகஜம். மைக்கின் சிறு பிழை அதை மறைத்துவிடாது. புதிதாக வாங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

யூமிக்-2 சத்தம் குறைந்த பெரிய முனையோடு 192 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் வேகம் வரை போகும். ஸ்பீக்கரின் திரிபை நுணுக்கமாக அளப்பவர்களுக்கு அது பொருந்தும். அறைக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

மிச்சமாகும் காசில் நல்ல பூம் ஸ்டாண்டு வாங்குங்கள். மைக்கைக் கையில் பிடித்தோ சோபாவின் மேல் சாய்த்தோ அளந்தால் எந்த ஃபைலும் காப்பாற்றாது. ஸ்பீக்கர் அளப்பவர்கள் தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பீக்கரும் மைக்கும் 1.2 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால், தரையில் பட்டு வரும் ஒலி 4.7 மில்லி வினாடி பிந்தி வந்து சேரும். அதற்கு முன்னால் வெட்டி எடுத்த அளவீடு சுமார் 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சொல்லாது, மைக் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும்.

யூமிக்-1ஐயோ இஎம்எம்-6ஐயோ பழையதாக வாங்குவதாக இருந்தால், வரிசை எண் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, ஃபைல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.