கண்காணிப்போடு வரும் டோசிங் பேக்கேஜ்: ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு, பவளமும் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக டோசிங் பம்புக்கு மாறலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உப்புநீர்த் தொட்டிச் சாமான்களை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை, அவ்வளவுதான். பம்ப், கரைசல், ஒரு வருடக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறார்கள். அதற்கு நான் கொடுத்தது ஒன்றரை மாதச் சம்பளம்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கும். 1 டி.கே.எச். ஆல்கலினிட்டி (தண்ணீரில் இருக்கும் கார்பனேட், பைகார்பனேட் இருப்பு; டி.கே.எச். அதை அளக்கும் அலகு) போனால் கூடவே ஏறத்தாழ 7 பி.பி.எம். கால்சியமும் போகும். போனதைத் தினமும் திருப்பி ஊற்றுவதுதான் டோசிங். ஆல்கலினிட்டி 8-ல் இருக்கலாம், 9-ல் இருக்கலாம், அது பெரிய விஷயம் இல்லை. இன்றைக்கு 8, நாலு நாளில் 11 என்று ஏறினால் அக்ரோபோரா மாதிரி பவள ஜாதிகள் தாங்காது. நான் பல மாதங்களாகக் கையால்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்கள் கோடு கிழித்த மாதிரி நின்றன: ஆல்கலினிட்டி 8, கால்சியம் 430, மெக்னீசியம் 1320. தினமும் 1 டி.கே.எச். செலவு. வேலை அதிகமானதால்தான் பம்புக்குப் போனேன்.

அந்தக் கடை ஆளை நம்பியது எந்த இடத்தில் என்று நன்றாகவே நினைவிருக்கிறது. நான் நான்கு ஹெட் பம்ப் (ஒரு ஹெட்டுக்கு ஒரு கரைசல்) கேட்டிருந்தேன். "அண்ணா, உங்களுக்கு நாலு வேண்டாம், மூணு போதும், எதுக்கு வீண் செலவு" என்றார். எந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்வார்? அத்தோடு விடவில்லை. தொட்டியின் அளவைச் சொன்னதும், "பாறையும் மணலும் போக நிஜத் தண்ணீர் எவ்வளவு?" என்று கேட்டார். சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து 300 லிட்டர் என்றேன். என் பழைய டெஸ்ட் எண்களை எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆல்கலினிட்டிக் கரைசல் ஒரு நாளைக்கு 120 மில்லி, மணிக்கு 5 மில்லி வீதம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். கணக்கு சரி. லேபிளில் போட்டிருந்தபடி 1 மில்லி, 1 லிட்டர் தண்ணீரை 2.5 டி.கே.எச். உயர்த்தும். அப்படியானால் 300 லிட்டரை 1 உயர்த்த 120 மில்லிதான் வரும். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துப் பணத்தை அனுப்பினேன். ஒரே தவணையில், முழுப் பணம்.

கண்காணிப்பு என்பது என்னவென்றால், பம்பின் ஆப் அவர்களுடைய லாகினில் இருக்கும். நான் எண்களை அனுப்ப வேண்டும், அளவை அவர்கள் கூட்டிக் குறைப்பார்கள். அட்டவணையை என்னால் பார்க்க முடியும், தொட முடியாது. "நீங்க நிம்மதியா இருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள்.

முதல் சில நாட்களிலேயே ஆல்கலினிட்டி 9.3. உடனே அனுப்பினேன். "செட்டில் ஆகும், விடுங்க." அடுத்து 10.5. "பதினொன்றில் வைத்திருப்பவர்களும் இருக்காங்க அண்ணா." சரி, இருக்கிறார்கள். ஆனால் அங்கே நிலையாக வைத்திருப்பவர்கள் அவர்கள். எனக்கு ஏறிக்கொண்டே போகிறது. விளக்கு அணையும் நேரத்தில் பி.எச். 8.6. பைகார்பனேட் கரைசல், பி.எச். ஏறாது என்று லேபிளிலேயே எழுதியிருக்கிறது! அதையும் சொன்னேன். மீட்டரைக் காலிப்ரேட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அதே 8.6.

அப்புறம் கால்சியம் 410-க்கு இறங்கியது. இதற்கு வந்த பதிலைக் கேளுங்கள்: "பவளம் வேகமா வளருது, நல்ல அறிகுறி." கால்சியம் டோஸையும் ஏற்றிவிட்டார்கள். ஆல்கலினிட்டியும் பி.எச்.சும் அந்த உயரத்தில் இருக்கும்போது கால்சியத்தை இன்னும் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். வளர்ந்தது பவளம் இல்லை, என் ஹீட்டர்தான். கண்ணாடிக் குழாய் முழுக்க வெள்ளையாகச் சொரசொரவென்று ஓடு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, வினிகரில் போட்டதும் நுரைத்துக் கழன்றது. ரிட்டர்ன் பம்ப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது, தண்ணீரில் மெல்லிய வெள்ளை மங்கல்.

ஆல்கலினிட்டி 11.8 வந்த அன்று சண்டை போட்டேன். "ஆல்கலினிட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று பதில் வந்தது. ஆப்பில் பார்த்தால் 120 அப்படியே இருக்கிறது. ஆப் அப்டேட் ஆக நேரமாகும் என்றார்கள். குழாயை எடுத்து அளவு ஜாடியில் விட்டேன். மணி அடித்ததும் ஊற்றியது 5 மில்லி, ஒரு சொட்டு குறையவில்லை. குறைக்கவே இல்லை, வாய் கூசாமல் குறைத்துவிட்டோம் என்கிறார்கள். குழாயைத் திரும்பத் தொட்டிக்குள் விடவில்லை, வெளியேதான் விட்டேன்.

அதற்குள் அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்துவிட்டன. முதலில் ஊசி முனை அளவு வெள்ளை. அப்புறம் அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்து, ஒரே இரவில் பெரிய காலனி எலும்பாக நின்றது. ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) கப் நிரம்பி வழிந்தது. விரல் நீள ஃப்ராக்கிலிருந்து, அதாவது சின்னப் பவளத் துண்டிலிருந்து, வளர்த்தது அது. அதற்கு விலை போட்டு ஒன்றரை மாதச் சம்பளத்தோடு நான் சேர்க்கவில்லை.

பம்ப் சரியாக ஊற்றுகிறது, கணக்கும் சரி. மீதி இருப்பது கரைசல்தான். டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் 1 லிட்டரில், சிரிஞ்சால் 1 மில்லி அந்தக் கரைசலை விட்டு அளந்தேன். 2.5 வர வேண்டும். வந்தது 4-ஐ ஒட்டி. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதேதான். அந்த அடர்த்தி பைகார்பனேட்டாக இருந்தால் லிட்டருக்கு 120 கிராம் கரைந்திருக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 100 கிராம் கரைவதே பெரும்பாடு. ஆக உள்ளே இருப்பது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். லேபிள் சொல்லும் 2.5-க்கு 75 கிராம் பைகார்பனேட் போட வேண்டும். அதே 75 கிராம் சோடா ஆஷை அள்ளிப் போட்டால் சரியாக 4 வருகிறது! எடை மட்டும் அப்படியே, பொருள் வேறு. பி.எச். ஏறியதற்கும் காரணம் இதுதான். தினமும் 1 ஏற்ற வேண்டிய இடத்தில் 1.6 ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ ஒருவர் மூட்டையை மாற்றிப் பிரித்ததற்கு என் தொட்டி பலி.

இதைப் படம் பிடித்து, கணக்கோடு அனுப்பினேன். அன்றிலிருந்து நான் அண்ணா இல்லை, சார். "டெஸ்ட் கிட் காலாவதி ஆகியிருக்கும் சார்." தேதி தெரியப் படம் அனுப்பினேன். "நைட்ரேட், பாஸ்பேட் குறைந்தால் நுனி எரியும் சார்." உண்மைதான், சத்து வறண்ட தண்ணீரில் ஆல்கலினிட்டி ஏறினால் எரியும். என் நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, இரண்டும் அவர்களிடமே இருக்கிறது. அப்புறம் பேட்ச் நம்பர் கேட்டார்கள். பாட்டிலில் பேட்ச் நம்பரே இல்லை! இல்லை என்றதும், நம்பர் இல்லாமல் புகாரைப் பதிய முடியாதாம். போன் செய்தால் மேனேஜர் மீட்டிங்கில். திறந்த பாட்டிலுக்கு ரிட்டர்ன் கிடையாது. திறக்காமல் எப்படி ஐயா தெரியும் உள்ளே என்ன இருக்கிறது என்று? கண்காணிப்புக் கட்டணமாவது திரும்ப வருமா என்றால், சேவை தொடங்கிவிட்டதால் வராது. என்ன சேவை? அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனத்தைத் தூக்கிவிட்டார்கள், அந்தச் சேவை மட்டும் உடனே நடந்தது. ஒன்றரை மாதச் சம்பளத்தில் ஒரு காசு திரும்பவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்தக் கரைசல் வந்தாலும் தொட்டிக்குள் போகும் முன் 1 மில்லியை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டு அளந்து பாருங்கள். பேட்ச் நம்பர் இல்லாத பாட்டிலைத் திறக்காதீர்கள். லாகின் உங்கள் கையில் இல்லாத பம்பை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏறவும் விடாதீர்கள், பயத்தில் வேகமாக இறக்கவும் செய்யாதீர்கள். நான் டோஸை நிறுத்திவிட்டு, 8-ல் கலக்கிய உப்புத் தண்ணீரை மாற்றி மாற்றித்தான் இறக்குகிறேன். இன்றைக்கு 9.6. மொன்டிபோரா பவளம் பிழைக்கும் போலிருக்கிறது, மற்றதைச் சொல்ல முடியாது.

பம்பையாவது நானே ஓட்டலாம் என்று அவர்களுடைய லாகினிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணமாம்.