கரண்ட் போனால் ரீஃப் தொட்டிக்கு எது காவல்: ஏர் பம்பா, இன்வெர்ட்டரா, டிசி வேவ்மேக்கரா?

ரீஃப் தொட்டி என்பது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வேவ்மேக்கர் என்பது அதற்குள் தண்ணீரைச் சுழற்றி அலை எழுப்பும் பம்ப். மூன்றையும் வாங்கி மூன்றையும் என் தொட்டியில் ஓட்டிப் பார்த்தாயிற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது நான் வைத்திருப்பது டிசி வேவ்மேக்கரும் அதோடு நேரடியாக இணைத்த ஒரு பேட்டரியும்தான், இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். நடுநிலை வேண்டுபவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதிலேயே பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விளக்கு அணைந்தால் பவளம் உடனே செத்துவிடாது, ஒன்றிரண்டு நாள் இருட்டைத் தாங்கும். நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் நின்றாலும் பரவாயில்லை, மீனுக்குத் தீனி போடாமல் இருந்தால் சமாளிக்கலாம். தாங்காதது ஆக்சிஜன் குறைவுதான். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும், கடல்நீருக்கோ 7 கூடத் தேறாது, சூடு ஏற ஏற அதுவும் குறையும். ராத்திரியில் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் ஆக்சிஜன் தராது, மீன், பவளம், பாக்டீரியா என்று எல்லாம் சேர்ந்து இருப்பதைச் செலவழிக்க மட்டுமே செய்யும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டால், மேலே காற்றிலிருந்து கலக்கும் ஆக்சிஜன் கீழே இறங்கவே வழியில்லை. பெரிய மீன்தான் முதலில் மாட்டும். என் டேங் மீன் போனது அப்படித்தான், நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில்.

ஆக, வேலை ஒன்றுதான்: தண்ணீரை நகர்த்த வேண்டும், மேற்பரப்பைக் கலக்க வேண்டும். ஹீட்டரை பேட்டரியில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். 300 லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே சுமார் 350 வாட்-மணி மின்சாரம் வேண்டும், அதை வைத்து 8 வாட் இழுக்கும் வேவ்மேக்கரை ஒன்றரை நாளுக்கு மேல் ஓட்டலாம். குளிர் என்றால் கண்ணாடியின் பக்கங்களில் போர்வையைச் சுற்றுங்கள், வெக்கை என்றால் மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன டிசி விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வையுங்கள்.

ஏர் பம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்போம். கரண்ட் இருக்கும்போது சும்மா இருந்து, போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகையைத்தான் வாங்க வேண்டும், கையால் சுவிட்ச் போடுகிற வகை நீங்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் காவல். மலிவு, இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் இழுக்காது, சின்னத் தொட்டிக்கு இதுவே போதும். என்னுடையது டார்ச் பேட்டரி போடுகிற வகை. மேலே சொன்ன அந்த ராத்திரி அது ஓடவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது, எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. பம்பின் மேல் பழி போட முடியாது, திறந்து பார்க்காதது நான்தான். சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரியோடு வருவதில் இந்தத் தொல்லை குறைவு. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால் குழாயில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு ஒன்று போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நின்ற பம்ப் வழியாகத் தொட்டித் தண்ணீர் தரைக்கு வந்துவிடும். பெரிய தொட்டி, பாறை அடுக்கு நெருக்கமாக இருக்கிறது என்றால் ஒரு மூலையில் குமிழ் விடுவது முழுக்கப் போதாது, பாறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கும்.

அடுத்து இன்வெர்ட்டர், அல்லது கம்ப்யூட்டருக்கு வைக்கும் யுபிஎஸ். இதன் கவர்ச்சி புரிகிறது, இருக்கிற பம்பை அப்படியே செருகிவிடலாம், புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். ஆனால் பேட்டரியிலிருந்து வருவதை வீட்டுக் கரண்டைப் போன்ற ஏசி மின்சாரமாக மாற்றுவதற்கே அது தனக்கென்று மின்சாரம் தின்னும், பெரும்பாலும் 10 முதல் 20 வாட். பெரிய சுமைக்கு அது பொருட்டல்ல. 8 வாட் பம்புக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் 256 வாட்-மணி இருக்கிறது, பம்பை நேராக இணைத்தால் தாளில் 32 மணி நேரம், நடுவில் 15 வாட் தின்னும் இன்வெர்ட்டரை வைத்தால் 11 மணி நேரம். போதாக்குறைக்கு, சில யுபிஎஸ்கள் சுமை ரொம்பக் குறைவாக இருந்தால் ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்டில் வருவது போன்ற சீரான அலை, தராத மலிவு இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமும், சூடாகும்.

சரி, டிசி. வேவ்மேக்கர் பலவும் இப்போது 24 வோல்ட் டிசியில்தான் ஓடுகின்றன, ஏசி பக்கம் போகவே தேவையில்லை. ஈக்கோடெக்கின் வோர்டெக் பம்புகளில் பேட்டரிக்கென்றே தனித் துளை உண்டு, டுன்சே பம்புகளுக்கு சேஃப்டி கனெக்டர் என்று ஒரு துண்டு கிடைக்கும். இரண்டும் இல்லாதவர்கள் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் ஷாட்கி டையோடு இரண்டு போட்டு அடாப்டரையும் 12 வோல்ட் பேட்டரியையும் ஒரே பம்புக்குக் கொண்டுவருகிறார்கள்: அடாப்டர் உயிரோடு இருக்கும்வரை 24 வோல்ட்தான் போகும், அது செத்ததும் பேட்டரி கை கொடுக்கும். வோல்ட் குறைவதால் பம்ப் மெதுவாகச் சுற்றும், இழுப்பதும் குறையும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஒன்றைக் கவனியுங்கள், சில கன்ட்ரோலர்கள் 12 வோல்ட்டைக் கண்டால் பிழை விளக்கைக் காட்டி நின்றுவிடும், ஆகவே பேட்டரி வாங்குமுன் உங்கள் பம்பை ஒருமுறை 12 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

ஓடும் நேரம் கூடுதல் என்பதற்காக மட்டும் நான் இதற்கு மாறவில்லை. பராமரிப்புதான் காரணம். இந்த மாதிரிச் சாதனம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், அப்புறம் ஒரே ஒரு ராத்திரி, நாம் இல்லாத நேரத்தில், தவறாமல் ஓட வேண்டும். அது கிடக்கும் இடமோ தொட்டிக்குக் கீழே, உப்புக் காற்றும் ஈரமும் எப்போதும் இருக்கிற அலமாரி. செம்பு முனை எதுவாக இருந்தாலும் அங்கே பூத்துவிடும். நான் முன்பு வைத்திருந்த லெட்-ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் அதை மூடிய அலமாரிக்குள் வைக்கவும் கூடாது, சார்ஜைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், இறங்கிய நிலையில் விட்டுவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். மோசமானது என்னவென்றால், சாகும்போது அது சொல்லாது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாம், பெரும்பகுதியை இறக்கினாலும் கோபித்துக்கொள்ளாது, சார்ஜர் மட்டும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். முனைகளில் வாசலின் தடவி, தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான தட்டில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருநாள் வேவ்மேக்கரின் பிளக்கைப் பிடுங்குவேன், இருபது நிமிஷம் பம்ப் சுற்றுகிறதா என்று பார்ப்பேன், திரும்பச் செருகுவேன். சோதனை அவ்வளவுதான். இன்வெர்ட்டர் வைத்திருந்தபோது அதைச் சோதிக்க வேண்டுமென்றால் அதில் செருகியிருக்கும் மற்ற சாமான்களும் துள்ளும், யுபிஎஸ் வேறு கூவும், அதனாலேயே தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுக் கடைசியில் சோதிக்காமலே விட்டேன். செய்யச் சுலபமாக இருந்தால்தான் நான் செய்வேன், என் புத்தி அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் பற்றி என்னிடம் அதிகம் கேட்காதீர்கள், இரவல் வாங்கி இரண்டே தடவை ஓட்டியிருக்கிறேன். நாள்கணக்கில் கரண்ட் வராது என்றால் அதற்கு மாற்று இல்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஹீட்டரும் ஓட வேண்டுமென்றாலும் அதுதான். ஆனால் யாராவது எழுந்து போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகும், கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ ஜன்னலை ஒட்டியோ வைக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும், மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் சம்ப், அதாவது கீழே இருக்கும் துணைத் தொட்டி, வாங்கிக்கொள்கிறதா என்று பம்பை அணைத்துப் பாருங்கள். தண்ணீர் தானாகப் பின்னோக்கி இறங்கிக்கொண்டே இருப்பதை நிறுத்த ரிட்டர்ன் குழாயில் போட்டிருக்கும் சைஃபன் முறிக்கும் ஓட்டையைப் பவளப்பாசி அடைத்திருந்தால், கரண்ட் போகிற அன்றைக்கு முதலில் நனைவது உங்கள் தரைதான். கேனிஸ்டர் ஃபில்டர் என்கிற மூடிய டப்பா வடிகட்டி வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.

என் லித்தியம் பேட்டரிக்கு இப்போதுதான் இரண்டு வயது ஆகிறது. நீண்ட மின்வெட்டு என்று பார்த்தால் இதுவரை ஒன்பது மணி நேரம், அதில் பாதிகூட இறங்கவில்லை. ஐந்தாவது வருஷம் எப்படி இருக்கும் என்பதை ஐந்தாவது வருஷம்தான் சொல்ல முடியும், அதனால் பழைய ஏர் பம்பைத் தூக்கிப் போடவில்லை. புது பேட்டரி போட்டு, மாதச் சோதனையில் அதையும் சேர்த்து, தொட்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கிறேன்.