காலிமுகத்திடலின் காய்ந்த புல் மைன்கிராஃப்டில்: பேக்கா, ஒப்டிஃபைனா, ஷேடரா, ரீஷேடா?

கொழும்பை மைன்கிராஃப்டில் கட்ட இறங்குகிறவர்கள் கட்டடத்தில் சறுக்குவதில்லை, நிறத்தில்தான் சறுக்குகிறார்கள். புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வரிகளுக்கு கொங்கிரீட் கட்டிகள் கைவசம் உண்டு. ஆனால் காலிமுகத்திடலைச் சமவெளி பயோமில் (பயோம் என்பது கேமின் நிலவகை) விரித்துப் பாருங்கள்: நுவரெலியா கோல்ஃப் மைதானம் மாதிரிப் பச்சைப் பசேலென்று நிற்கும். இதை மாற்ற நாலு வழி பாவனையில் இருக்கிறது. கீழே உள்ள கணக்கெல்லாம் ஜாவா பதிப்பு 1.21.1க்கு.

வெறும் ரிசோர்ஸ் பேக்

ரிசோர்ஸ் பேக் என்பது கேமின் படங்களை மாற்றும் கோப்புத் தொகுப்பு. பலர் செய்யும் முதல் பிழை, புல் கட்டியின் மேற்பக்கப் படத்தை எடுத்து நேரடியாக நிறம் தீட்டுவது. அந்தப் படம் சாம்பல் நிறத்தில் இருப்பது காரணத்தோடுதான். பயோமின் நிறத்தை கேம் அதன்மேல் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. சமவெளியின் நிறம் 145, 189, 89 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை). நீங்கள் 70, 140, 50 என்ற பச்சையைத் தீட்டினால் திரையில் வருவது 40, 104, 17. அது புல் இல்லை, பாசி.

தொட வேண்டியது டெக்ஸ்ச்சர் கோப்புறைக்குள் கலர்மேப் என்ற கோப்புறையில் இருக்கும் புல் படத்தை. 256க்கு 256 பிக்சல். கிடையாக வெப்பநிலை, நெடுக்காக மழையும் வெப்பமும் பெருக்கிய அளவு. சமவெளிக்கு வெப்பம் 0.8, மழை 0.4. ஒவ்வொரு அளவையும் 1இலிருந்து கழித்து 255ஆல் பெருக்கிக் கணக்குப் போட்டால் இடமிருந்து 51, மேலிருந்து 173 வரும். ஆனால் கேம் தசமத்தை வெட்டிவிடுவதால் உண்மையில் வாசிப்பது 50, 173. (எண்ணிக்கை 0இல் தொடங்கும்.) இந்த ஒரு பிக்சலைத் தேடி மினக்கெடாமல் அதைச் சுற்றி 3க்கு 3 சதுரமாகத் தீட்டிவிடுங்கள். கடற்கரை பயோமும் இதே புள்ளியைத்தான் வாசிக்கும். காலிமுகத்திடலுக்கு அது வசதிதான்.

காய்ந்த புல்லுக்கு 176, 163, 98 நல்ல தொடக்கம். சாம்பல் 150 அளவுள்ள பிக்சலில் அது 104, 96, 58 ஆக இறங்கும். ஆகவே கண்ணுக்குப் பிடித்த நிறத்தைவிட எப்போதும் வெளிச்சமானதைத் தேர்ந்தெடுங்கள். கையில் பிடிக்கும் புல் கட்டி மட்டும் பச்சையாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். அது 127, 127 என்ற புள்ளியை வாசிக்கிறது, அங்கேயும் தீட்டுங்கள்.

மூலப் படங்களை எடுக்க, வெர்ஷன்ஸ் கோப்புறையில் உள்ள ஜார் கோப்பை ஸிப் மாதிரித் திறந்தால் போதும். பேக்கின் விவரத்தைச் சொல்லும் எம்சிமெட்டா கோப்பில் பேக் ஃபோர்மட் எண் 34. திருத்தியதும் எஃப்3, டீ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கேமை மூடாமலே புதிய நிறம் வரும். பேக் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஸிப்புக்குள் இன்னொரு கோப்புறை போட்டு அதற்குள் எம்சிமெட்டாவை வைத்திருப்பீர்கள், அல்லது விண்டோஸ் அதன் வாலில் டெக்ஸ்ட் என்று ஒட்டி அதை மறைத்திருக்கும். கோப்புப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். கலர்மேப்பை 128க்குச் சுருக்கிச் சேமித்தால் நிற வரிசை குலையும், பெரும்பாலான பயோம்களில் புல் பளீர் மஜெந்தாவாகும்.

பள்ளிவாசலின் சிவப்புக்கு இந்தத் தலையிடி இல்லை. கொங்கிரீட்டில் பெருக்கல் கிடையாது, தீட்டியது அப்படியே வரும்.

ஒப்டிஃபைன்

ஒப்டிஃபைன் ஒரு மோட், அதாவது பிறர் எழுதி கேமில் சேர்க்கும் நிரல். வெறும் பேக்குக்கு எட்டாத நிறங்கள் சில உண்டு. பேர்ச் இலை (128, 167, 85), ஸ்ப்ரூஸ் இலை (97, 153, 97), சதுப்புப் புல் எல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டவை. கடலின் 63, 118, 228 பயோம் வரையறையில் இருக்கிறது. உலகம் உங்களுடையது என்றால் தண்ணீரை டேட்டா பேக்கால் (உலகத்தின் வரையறைகளை மாற்றும் தொகுப்பு) மாற்றலாம். மற்றவர் சேர்வரில் முடியாது. அங்கே ஒப்டிஃபைனின் கலர்மேப் கோப்புறையில் தண்ணீருக்கு ஒரு 256 படம், பேர்ச்சுக்கு ஒன்று என்று வைத்தால் வேலை முடிந்தது. வீடியோ செட்டிங்ஸில் குவாலிட்டிக்குள் கஸ்டம் கலர்ஸ் ஓனில் இருக்க வேண்டும். வைத்த படம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கேமுக்குள் கையில் பிடிக்கும் வரைபடத்தின் நிறங்களையும் இதால்தான் மாற்றலாம். வெறும் பேக் போட்டால் தரை காய்ந்து கிடக்கும், வரைபடத்தில் மட்டும் பச்சை சிரிக்கும்.

விலை ஒன்றுதான்: ஒப்டிஃபைனும், கேமை வேகமாக்கும் சோடியம் மோடும் ஒன்றாக ஓடாது. மோட்களை ஏற்றும் ஃபேப்ரிக்கில் சோடியத்தை விட மனமில்லாதவர்கள், நிறங்களை மாற்றும் பொலிடோன் மோட் பக்கம் போகலாம்.

ஷேடர்

ஷேடர் என்பது கேமின் ஒளியையும் நிழலையும் மாற்றும் நிரல். நிறத்தை மட்டும் மாற்ற ஷேடர் போடுவது, நுளம்புக்கு மருந்தடிக்கத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற கதை. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினியில் ஃபிரேம் நொண்டும். அதோடு கவனமாகத் தேர்ந்த 176, 163, 98ஐ ஷேடரின் டோன்மேப் (வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் படி) காலையில் ஒன்றாகவும் மாலையில் இன்னொன்றாகவும் காட்டும். கடலோரச் சூரிய அஸ்தமனம்தான் நோக்கம் என்றால் சரி, போடுங்கள்.

ரீஷேட்

இது திரைக்கே பூசும் சாயம். புல், இதயப் பட்டை, இன்வென்டரி, சட் எழுத்து எல்லாம் சேர்ந்தே மாறும். புல்லை மட்டும் காயவைக்க இதால் முடியாது. மொத்தக் காட்சிக்கும் பழைய நெகட்டிவ் ஃபில்ம் நிறம் வேண்டுமென்றால் நாலிலும் இதுதான் மலிவு.

நிறுவும்போது லோஞ்சரின் (கேமைத் தொடக்கும் நிரல்) சொந்த ஜாவாவைக் காட்ட வேண்டும். கேம் ஓடும்போது டாஸ்க் மனேஜரில் ஜாவா மேல் வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தால் பாதை தெரியும். கணினியில் வேறாகப் போட்ட ஜாவாவைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. கிராஃபிக்ஸ் முறையாக ஓபன்ஜிஎல்லைத் தேர்ந்தெடுங்கள். எல்யூடி (எந்த நிறம் எந்த நிறமாக மாற வேண்டும் என்ற அட்டவணைப் படம்) முறை சுலபம்: எஃப்2 அழுத்தி எடுத்த படத்தின் மூலையில் 1024க்கு 32 அளவுள்ள எல்யூடி பட்டையை ஒட்டி, ஜிம்ப் என்ற படம் திருத்தும் நிரலில் முழுப் படத்துக்கும் சேர்த்து நிறம் சரிசெய்து, பட்டையை மட்டும் வெட்டி பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்காகச் சேமித்தால் வானத்தில் படிபடியாகக் கோடு விழும்.

எஃப்2 படத்தில் ரீஷேட் நிறம் ஏறாது. எல்யூடி செய்ய அது நல்லது. செய்து முடித்த நிறத்தை நண்பர்களுக்கு அனுப்ப ரீஷேடின் பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானைப் பாவியுங்கள்.