மாநாட்டோடு சேர்த்துச் சுற்றுலா என்று யாராவது சொன்னால் உஷார்: எங்களுக்கு 2,350 வெள்ளி போச்சு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை ராத்திரி கோலாலம்பூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். இன்று புதன். இன்னும் வயிறு எரிகிறது. 2,350 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பள்ளிக்கூட வாசலில் நான் விற்கும் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலம் இரண்டரை வெள்ளி. கணக்குப் போட்டால் 940 பொட்டலம். லாபத்தைச் சொல்லவில்லை, விற்ற காசையே சொல்கிறேன். கடைசியில் ஐந்தாறு யோசனை சொல்கிறேன், உங்களுக்காவது உதவட்டும். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தலைநகரில் பெண்கள் மாநாடு, வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை முழுநாளும். எங்கள் சபையிலிருந்து வருஷா வருஷம் ஏழெட்டுப் பேர் போவார்கள். எனக்கு மட்டும் அமைந்ததே இல்லை. இந்தத் தடவை பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தது. "நீ கூட்டத்துல உட்காரு, நான் பிள்ளைங்களையும் அம்மாவையும் ஊர் சுத்திக் காட்டுறேன்" என்று வீட்டுக்காரரே சொன்னார். அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. லீவு வாங்குவதே பெரும்பாடு.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. எல்லாரும் பார்க்கும் ஒரு சமூக ஊடகத்தில், விசுவாசிகளுக்கான பயண ஏற்பாடு என்று போட்டுக்கொண்ட ஒரு பக்கம். பேரைப் போடமாட்டேன், போட்டால் கேஸ் போடுவோம் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. மாநாட்டுப் பதிவு, மூன்று ராத்திரி ஹோட்டல், வீட்டு வாசலிலிருந்து வேன், நகரம் சுற்றல், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரப் பாலம், எல்லாம் ஒரே விலையில். பெரியவர்களுக்கு 550, பிள்ளைகளுக்கு 350. நான், அவர், அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர். ஆக 2,350.

கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். காசு போடச் சொன்ன கணக்கு கம்பெனி பேரில் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பேரில் இருந்தது. கேட்டேன். "அது நம்ம கணக்குப் பார்க்குற சிஸ்டர்தான், கம்பெனி அக்கவுண்டுல போட்டா லேட்டாகும்" என்றார் அந்தப் பக்கத்தை நடத்தும் பிரதர். எனக்கு அரை மனசு. மறுநாள் அவரே போன் பண்ணினார். பேச்சுவாக்கில், அத்தைக்கு முட்டிவலி, ரொம்ப நடக்க முடியாது என்றேன். "அம்மாகிட்ட போனைக் கொடுங்க சிஸ்டர், ஒரு நிமிஷம் ஜெபிச்சிடுறேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டு அடுப்பங்கரை மேசையில் வைத்தேன். சம்பால் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் கண்ணை மூடினேன். ஒரு நிமிஷம் இல்லை, நாலைந்து நிமிஷம் ஜெபித்தார். அத்தை பேரைச் சொல்லி, வலது முட்டி என்று குறிப்பாகச் சொல்லி, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவித் தேய்ந்த கால்கள் என்றெல்லாம் சொன்னார். அத்தை அழுதுவிட்டார். ஆமென் சொன்ன கையோடு போனை எடுத்துக் காசை அனுப்பிவிட்டேன். சம்பால் அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ரசீது கேட்கவில்லை. இதுதான் என்னால் தாங்கமுடியாதது. எங்கள் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தோட்டத் தொழிலாளர்களுக்காக நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது என் தாத்தா மாதம் 10 வெள்ளி கட்டியவர். படிக்கத் தெரியாத மனுஷன், அந்த ரசீதை எல்லாம் ஒன்று விடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பேத்தி பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். வரை படித்தவள், 2,350 வெள்ளியைக் கொடுத்துவிட்டு "நன்றி பிரதர்" என்று மெசேஜ் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் என்றார்கள். நாலரைக்கே பையோடு வாசலில் நின்றோம். ஆறேகாலுக்கு மெசேஜ் வந்தது: வேன் டயர் பஞ்சர், நீங்கள் ரயிலில் வந்துவிடுங்கள், டிக்கெட் காசை அங்கே கொடுத்துவிடுகிறோம். அப்போதே திரும்பி வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை. எங்கள் கைக்காசில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறி கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினோம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஹோட்டல். கவுண்டரில் இருந்த பெண் என் பேர், அவர் பேர், அத்தை பேர் என்று மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டு, "இல்லையே அக்கா" என்றாள். அவள்மேல் குற்றமில்லை. அங்கேயே நின்று அந்தப் பிரதருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது: ஹோட்டல் சிஸ்டத்தில் பிரச்சினை, விசுவாசத்தோடு காத்திருங்கள். விசுவாசத்தோடு! பின்சந்தில் ஒரு மலிவு விடுதியில் ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தோம். அதற்கும் எங்கள் காசுதான்.

மாநாட்டு வாசலில் என் பேரும் இல்லை. அங்கே இருந்த சிஸ்டர்மார் தங்கமானவர்கள். அந்த ஆளிடமிருந்து பதிவும் வரவில்லை, பணமும் வரவில்லை என்று பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள். என்னைப் போல இன்னும் மூன்று பேர் வந்து நின்றார்களாம். காலி அட்டை ஒன்றில் மார்க்கர் பேனாவால் என் பேரை எழுதிக் கழுத்தில் மாட்டி, காசு வேண்டாம் என்று உள்ளே அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு எல்லாம் அச்சடித்த அட்டை. இரண்டு நாளும் அந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்ல பாட்டு, நல்ல செய்தி, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து டத்தாரான் மெர்டேக்கா, அந்தச் சுதந்திரச் சதுக்கத்துக்குப் போனோம், கொடிக்கம்பத்தடியில் படம் எடுத்தோம். அது ஒன்றுதான் காசில்லாமல் நன்றாக நடந்தது. சின்னவனுக்கு மட்டும் இரட்டைக் கோபுரத்தின் 41-வது மாடிப் பாலத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பயணத் திட்டத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணி என்று போட்டிருந்தது. சரி, அந்த டிக்கெட்டாவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று போனோம். காவலாளி சிரித்துக்கொண்டே, "திங்கட்கிழமை மூடியிருக்கும் அம்மா, எப்பவுமே" என்றார். நானும் ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தால் காசு கட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். பையன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். பதினாலு வேலை நாளில் திரும்பக் கிடைக்கும். கணக்குப் பார்க்கும் சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் ரயிலில் வந்ததால் பயணத்தை நீங்களே ரத்து செய்த மாதிரி. கடைசியாக, "ஊழியக்காரனைப் பழி சொல்லாதீங்க சிஸ்டர், வீட்டுக்கு ஆசீர்வாதம் தங்காது." அதோடு என் எண்ணை அடைத்துவிட்டார்.

நேற்று போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தோம், வங்கியிலும் சொன்னோம். காசு அனுப்பி மூன்று வாரமாகிவிட்டது, அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீலும் வேண்டாம். ஆனால் எதிராளியின் விலாசம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் ஒரு ஜெபமும்தான்.

யோசனை சொல்கிறேன் என்றேன், உட்கார்ந்து எழுத இப்போது பொறுமை இல்லை. சுற்றுலா நடத்துபவருக்குச் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் வேண்டும், அந்த நம்பரைக் கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எஸ்.எஸ்.எம். நம்பர் வெறும் கம்பெனிப் பதிவு நம்பர், லைசென்ஸ் அது இல்லை, நான் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். வங்கிக் கணக்கு நம்பரைப் போலீஸின் செமாக் மியூலில், மோசடிக் கணக்கா என்று பார்க்கும் இணையப் பக்கத்தில், போட்டுப் பாருங்கள். மாநாட்டுப் பதிவை மாநாட்டுக்காரர்களிடமே நேராகக் கட்டுங்கள். காசு போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்குப் போன் அடியுங்கள், என்னைப் போல ஊர் திரும்பட்டும் என்று இருக்காதீர்கள்.

நேற்று ராத்திரி சபைத் தங்கச்சி ஒருத்தி ஒரு விளம்பரம் அனுப்பினாள். வேறு பக்கம், வேறு போன் நம்பர், அடுத்த விடுமுறைக்கு இன்னொரு பெண்கள் கூட்டம். பெரியவர்களுக்கு 600 ஆக்கிவிட்டார்கள். பயணத் திட்டத்தில் கடைசி வரி மட்டும் அப்படியே இருக்கிறது: திங்கள் காலை 10 மணி, இரட்டைக் கோபுரப் பாலம்.